பிக்கிள்பால்: சேர்வ் உள்ளுக்குத்தான் விழுது, ஆனா பெட்டியின்ட நடுவிலேயே விழுது

வெள்ளவத்தை_வீக்கென்ட்
பட்மின்டன் ஹோல் ஒண்டை வாடகைக்கு எடுத்து பிக்கிள்பால் (பேடல் எண்ட தட்டை மட்டையால துளைப் பந்தை அடிக்கிற ஆட்டம்) டபிள்ஸ் விளையாடுறம். என்ட சேர்வ் பெரும்பாலும் உள்ளுக்குத்தான். ஆனா சேர்வ் விழவேண்டிய பெட்டியின்ட நடுவில விழுந்து நல்லா எழும்புது. எதிர்ப்பக்கம் நிக்கிறவர் முன்னுக்கு வந்து ஓங்கி அடிச்சிட்டு அப்படியே கிச்சன் (வலையோட ஒட்டின, பந்தை நிலத்தில படமுதல் அடிக்கக்கூடாத பகுதி) கோட்டுக்குப் போயிடுறார். பலமா அடிச்சா பேஸ்லைனைத் தாண்டுது, இல்லாட்டி வலை. இன்னொண்டு, பேடல் மணிக்கட்டுக்கு மேல போகுது, ஃபோல்ட் (பிழை) எண்டு ஒராள் சொல்றார். ட்ரொப் சேர்வுக்கு (பந்தை நிலத்தில விட்டு, எழும்பினாப் பிறகு அடிக்கிறது) மாறினா ரெண்டும் தீருமா? தெரிஞ்ச அண்ணாமார், அக்காமார் விளக்கமாச் சொல்லுங்கோ.

மூண்டாவது_ஷொட்
தம்பி, பலத்தைக் கூட்டாதீங்கோ, உயரத்தைக் கூட்டுங்கோ. வலையை உரசிப் போற பந்து அளவான வேகத்தில கிட்டத்திலதான் விழும். அதே வேகத்தில, வலைக்கு மேல ஒரு மீற்றர் இடைவெளி விட்டு வளைவா அனுப்பினா ஆழமாப் போகும். எங்கட மட்டத்தில சேர்வாலேயே புள்ளி எடுக்கிறது குறைவு. அடுத்தவரைப் பேஸ்லைனுக்குப் பின்னால நிப்பாட்டி வைக்கிறதுதான் அதின்ட வேலை.

பட்மின்டன் கோட்டும் இதுவும் ஒரே அளவு, 44 அடிக்கு 20 அடி. அதால குறி ஏற்கெனவே கீறிக் கிடக்கு: டபிள்ஸ் பின் சேர்விஸ் கோடு, பேஸ்லைனிலிருந்து 76 செ.மீ. உள்ளுக்கு. அந்தக் கோட்டையே குறிவையுங்கோ. அதுக்குப் பின்னால இருக்கிற பட்டையைக் குறிவைச்சா கொஞ்சம் நீண்டாலும் வெளியில. இதில ரெண்டாவது சேர்வும் கிடையாது. ஆனா முன் சேர்விஸ் கோட்டை நம்பாதீங்கோ. பட்மின்டனில அது வலையிலிருந்து 1.98 மீ., கிச்சன் 2.13 மீ. அந்த 15 செ.மீ. தள்ளி டேப் ஒட்டவேணும். கிச்சன் கோட்டில பட்ட சேர்வ் ஃபோல்ட், பெட்டியின்ட மத்தக் கோடுகள்ல பட்டா உள்ளுக்கு.

இனி உடம்பு. வலதுகைக்காரர் எண்டா இடது கால் முன்னுக்கு, இடது தோள் வலைப்பக்கம், பாரம் பின்காலில. பேடல் முன்னுக்கு வர வர பாரமும் முன்காலுக்கு வரவேணும். பந்து முன் முழங்காலைவிடச் சற்று முன்னால அடிபடட்டும். இடுப்போட ஒட்டி அடிச்சா முழங்கை மடங்கும், மிச்சத்தை மணிக்கட்டு செய்யப் பார்க்கும். ஒரு பந்து வலை, அடுத்தது வெளி எண்டு வாறது அதாலதான். கை தோளிலிருந்து ஊஞ்சல் போல ஆடவேணும். பிடியின்ட இறுக்கம் பத்துக்கு நாலு காணும்.

கோட்டுக்கு_வெளியே
மணிக்கட்டு விஷயத்துக்கு வருகிறேன். பந்தை நிலத்தில் விடாமல் அடிக்கும் வொலி சேர்வுக்கு மூன்று நிபந்தனைகள்: கை கீழிருந்து மேலே போக வேண்டும், பேடலின் தலை மணிக்கட்டின் உச்சிக்கு மேல் இருக்கக்கூடாது, பந்து இடுப்புக்கு மேல் இருக்கக்கூடாது. பார்க்க வேண்டியது அடிபடும் கணத்தை. அடித்த பிறகு பேடல் தோளுக்கு மேல் போனாலும் பிழையில்லை. அநேகமாகக் குற்றம் சொல்பவர்கள் முடிவைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஃபோனைப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தால் வாக்குவாதம் முடிந்துவிடும்.

ட்ரொப் சேர்வ் 2021இல் தற்காலிகமாக வந்து 2022இல் நிரந்தர விதியானது. அதற்கு இந்த மூன்று நிபந்தனைகளும் இல்லை. பந்தைக் கையிலிருந்து விட்டுவிட வேண்டும், மேலே எறியவோ கீழே தள்ளவோ கூடாது, அவ்வளவுதான். ஆக மணிக்கட்டுப் பிரச்சினை தீரும். ஆழம் தானாக வராது, சிலருக்கு இன்னும் குறையும். தரப்படி பந்து 78 அங்குலத்திலிருந்து கருங்கல்லில் விழுந்தே 30 முதல் 34 அங்குலம்தான் எழும்பும். தோள் உயரத்திலிருந்து விட்டால் முழங்காலுக்குச் சற்று மேலேதான் அடிக்கக் கிடைக்கும், பட்மின்டன் தரைவிரிப்பில் இன்னும் கீழே. ஆகவே கையை நன்றாக உயர்த்திப் பந்தை விடுங்கள். முழங்காலை மடித்து, பேடல் முகத்தைச் சற்று வானம் பார்க்கத் திறந்து, பந்து எழும்பி உச்சிக்கு வரும்போது அடியுங்கள். இறங்கத் தொடங்கிய பந்தை அடித்தால் வலைதான்.

ஈரக்காற்று
ரெண்டு பேரும் பந்தைப் பற்றிக் கதைக்கேல்லை. 26 பெரிய துளை உள்ளது ஹோலுக்கான பந்து, 40 சின்னத் துளை உள்ளது வெளிக்கோட்டுக்கு. 26 துளைப் பந்து மென்மை, காத்தில வேகம் கெதியாக் குறையும். அதே வீச்சுக்கு அது கிட்டத்தில விழும். ரெண்டையும் மாறி மாறிப் பாவிச்சா கை ஒருநாளும் பழகாது.

கொழும்பு வெக்கையில அடுத்தது வியர்வை. பிடி வழுக்குது எண்டு இறுக்கிப் பிடிப்பீங்கள், இறுக்கினா வீச்சு குறுகும். ஓவர்கிரிப் (பிடிக்கு மேல சுத்துற பட்டி) பிசுபிசுப்பு போனவுடன மாத்துங்கோ. பந்தை உள்ளங்கையில வைக்காம மூண்டு விரல் நுனியில பிடியுங்கோ. விடேக்க விரலால சுத்தாதீங்கோ, அது 2023இலயிருந்து தடை. ஸ்பின் பேடலால மட்டும்தான், ஆழம் பிடிபடுமட்டும் அதுவும் வேண்டாம்.

மூண்டாவது_ஷொட்
அக்கா சொல்றது சரி, பந்தை மறந்துபோனன். இன்னொண்டு தம்பி: சேர்வ் பண்ணின வேகத்தில உள்ளுக்கு ஓடாதீங்கோ. ரிட்டேர்ன் நிலத்தில பட்ட பிறகுதான் உங்கட பக்கம் அடிக்கலாம். ஆழமா வந்தா காலடியில மாட்டுவீங்கள். அடிச்சு முடிய ஒரு எட்டு பின்னுக்கு.

வெள்ளவத்தை_வீக்கென்ட்
பெரிய நன்றி. 40 துளைப் பந்துதான் இருக்கு. வலை பட்மின்டன் வலையைத்தான் கண்மட்டத்துக்கு இறக்கிக் கட்டுறம், அது பரவாயில்லையா?

கோட்டுக்கு_வெளியே
கண்மட்டத்துக்கு வேண்டாம், அளவு நாடா கொண்டு போங்கள். பக்கக் கோட்டருகே 36 அங்குலம், நடுவில் 34. பட்மின்டன் வலை தூணருகே 155 செ.மீ., ஆகவே 64 செ.மீ. இறக்க வேண்டும். நடுவில் ஒரு நாடாவைப் போட்டுக் கீழே இழுத்துக் கட்டினால் அந்த இரண்டு அங்குலமும் சரியாகும்.