தோடி உடைந்து வந்த பெட்டி

நம் சேகரிப்பாளர் குழுவில், வெளிநாட்டிலிருந்து வாங்கி உடைந்து வந்த பார்சல்களைப் பற்றியும் அவற்றுக்கு நஷ்ட ஈடு கேட்டதைப் பற்றியும் எல்லோரும் எழுதுகிறீர்கள். என்னுடையதையும் சொல்கிறேன். நான் சேர்ப்பது 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும்) பழைய இசைத்தட்டுகள், அதிலும் தமிழ்த் தட்டுகள். பதினைந்து வருடமாகச் சேர்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் இரண்டு பார்சல்கள் உடைந்தன. ஒன்றுக்கு ஒரு பைசா வரவில்லை. இன்னொன்றுக்கு முழுத் தொகையும் வந்தது. இரண்டிலும் உடைந்தது ஒரே மாதிரிதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது.

இந்தத் தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இவை வினைல் இல்லை. அரக்கும் கல் பொடியும் கலந்து அழுத்திச் செய்தவை. வளையாது, நேராக உடையும், பீங்கான் தட்டு மாதிரி. சில சமயம் கண்ணுக்குத் தெரியாத கீறல் மட்டும் விழும். அதைக் கண்டுபிடிக்க, நடு ஓட்டையில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, விளிம்பை இன்னொரு கையின் விரல் கணுவால் தட்ட வேண்டும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே போலத்தான். நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது ‘டொக்’ என்று அடங்கிவிடும். ஓடவிட்டால் நிமிடத்துக்கு 78 முறை டிக், டிக் என்று கேட்கும்.

முதல் பார்சல் 2022-இல் பினாங்கிலிருந்து வந்தது. மலேசியத் தமிழ் வீடுகளில் இன்னும் நல்ல தட்டுகள் இருக்கின்றன. அங்கே ஒருவரிடம் மூன்று தட்டுகள் பதினாலாயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்தேன். அனுப்பும் முன் அவர் கேட்டார்: “அண்ணே, கஸ்டம்ஸ் தாளில் என்ன விலை போடட்டும்?” வரியை நினைத்து, “குறைத்துப் போடுங்கள் தம்பி” என்றேன். அவர் ‘பழைய இசைத்தட்டுகள், 80 ரிங்கிட்’ என்று எழுதி ஒரு தனியார் கூரியரில் போட்டார். அப்போது அது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்கூட வராது.

பார்சல் வந்தபோது எனக்குப் பொறுமை இல்லை. கத்தியால் கிழித்துத் திறந்தேன். மூன்றில் இரண்டு உடைந்திருந்தன. துண்டுகளை மேசையில் பரப்பிப் பொருத்திப் பார்த்துக்கொண்டே அன்றைய பொழுது போய்விட்டது. மறுநாள் காலையில் பழைய பேப்பர்காரர் வந்தபோது, வீட்டில் அந்த அட்டைப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

கூரியர் கம்பெனிக்கு எழுதியதும் அவர்கள் முதலில் கேட்டது வெளிப்பெட்டியைத்தான். உள்ளே வைத்த பஞ்சு, அட்டை, ஒட்டிய டேப் எல்லாம் வேண்டும், பரிசோதனைக்கு ஆள் வருவார் என்றார்கள். காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது: பேக்கிங் சரியாக இருந்ததா என்று உறுதி செய்ய முடியவில்லை, கோரிக்கை ஏற்கப்படவில்லை.

என் சித்தப்பா சென்னை விமான நிலைய கார்கோவில் கிளியரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “டிக்ளேர் பண்ணினது எவ்வளவுடா?” சொன்னேன். “அப்போ பெட்டி இருந்திருந்தாலும் 80 ரிங்கிட்தான். நீ எழுதிக்கொடுத்த விலையைவிட அதிகமா அவன் ஏன் தருவான்?”

அப்புறம் அவர்தான் விமான சரக்குச் சட்டத்தை விளக்கினார். தனியார் கூரியர் வழி விமானத்தில் வரும் பார்சலுக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. தனியாக மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு எடைக் கணக்கில்தான். அப்போது கிலோவுக்கு 22 எஸ்.டி.ஆர். என்று இருந்தது, 2024 டிசம்பர் கடைசியில் 26 ஆக உயர்த்தினார்கள். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. என் பார்சல் இரண்டு கிலோ. 44 எஸ்.டி.ஆர்., அன்றைய கணக்கில் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு. “சட்டத்துக்கு எடைதான்டா தெரியும், பாட்டு தெரியாது” என்றார் சித்தப்பா. சேதம் என்றால் பார்சல் கைக்கு வந்து 14 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

கூரியர்களின் விதிப்புத்தகத்தை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பழம்பொருள், நாணயம், தபால்தலை, சேகரிப்புப் பொருள் என்று ஒரு பட்டியல் போட்டு, நீங்கள் எவ்வளவு மதிப்பு எழுதினாலும் இவற்றுக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று பல கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன. சில கம்பெனிகள் அவற்றை எடுத்துக்கொள்வதே இல்லை. நம் பொருள்கள் எல்லாமே அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

இரண்டாவது பார்சல் அடுத்த வருடம். ஐரோப்பாவில் ஒரு பழைய தட்டு வியாபாரியிடம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தட்டு ஒன்று இருந்தது. தோடி ராகம். என் தாத்தா ஊர்த் திருவிழாவில் அவர் வாசிப்பை விடிய விடிய நின்று கேட்டவர். அந்தத் தோடியைப் பற்றிப் பேசாமல் அவருக்கு ஒரு கல்யாண வீடும் முடியாது. தாத்தா போன பிறகு கிடைத்த தட்டு. இந்த முறை கூரியர் வேண்டாம், அஞ்சலில் இன்சூர்டு பார்சலாகப் போடுங்கள், கொடுத்த 160 யூரோவையும் அப்படியே எழுதுங்கள் என்றேன். வரி கட்டத் தயாராக இருந்தேன், கட்டினேன்.

அனுப்பும் முன் அவரிடம் படம் கேட்டு வாங்கினேன். தட்டின் இரண்டு பக்கம், லேபிள், பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் (அந்தப் பதிவின் அடையாள எண்), அப்புறம் பேக் செய்யும்போது ஒவ்வொரு கட்டமும். தட்டைவிடப் பெரிய அட்டைகளுக்கு நடுவில் அதை வைத்து, அசையாமல் கட்டி, அதை ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் நாலு பக்கமும் மெத்தை வைத்து அனுப்பினார். அந்தப் படங்கள்தான் பின்னால் காப்பாற்றின. சரியாகப் பேக் செய்யாத பார்சலுக்கு அஞ்சல் துறைகள் பொறுப்பேற்பதில்லை என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதியிலேயே இருக்கிறது.

போஸ்ட்மேன் கொண்டுவந்தபோதே ஒரு மூலை உள்ளே போயிருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் திறக்கவில்லை. “அண்ணே, இதை ஆபீஸிலேயே வைத்துத் திறக்கலாமா?” என்று கேட்டு, அவர் பின்னாலேயே போனேன். போஸ்ட்மாஸ்டர் ஒரு அம்மா. ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான் இருந்தது அவருக்கு. முதலில் பார்சலைத் தராசில் வைத்தார். ஒட்டியிருந்த சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டார். ஆறு பக்கமும் படம் எடுக்கச் சொன்னார். அப்புறம்தான் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

உள்பெட்டியைத் திறந்து அட்டைகளைப் பிரித்தேன். தட்டு முழுசாகத்தான் தெரிந்தது. மூச்சு வந்தது. விரலில் மாட்டித் தூக்கினேன், பாதி கையில் வந்தது, பாதி மேசையிலேயே கிடந்தது. கவுன்டரில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“வருத்தப்படாதீங்க சார், முதல்ல எழுதிடுவோம். இன்னைக்கே எழுதினாத்தான் அங்கே நிக்கும்” என்றார் அந்த அம்மா. சேதத்தைப் பதிவு செய்ய சி.என். 24 என்று ஒரு படிவம் உண்டு. எல்லா நாட்டு அஞ்சல் துறைக்கும் பொதுவானது. வெளிப்பெட்டி எப்படி இருந்தது, உள்ளே மெத்தை இருந்ததா, எடை எவ்வளவு, என்ன உடைந்தது என்று வரிவரியாக அதில் வரும். அவர் பொறுமையாக நிரப்பி, கையெழுத்திட்டு, எனக்கு நகல் கொடுத்தார். பெட்டியையும் துண்டுகளையும் முடிவு வரும் வரை தூக்கிப் போடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். நான் அந்தப் பெட்டியை பீரோ மேல் வைத்து, மேலே பெரிதாக ‘எடுக்காதே’ என்று எழுதி ஒட்டினேன்.

இங்கே பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அஞ்சல் இன்சூரன்ஸில் நஷ்ட ஈடு கேட்கும் உரிமை அடிப்படையில் அனுப்பியவருடையது. வாங்கியவர் நேராகக் கேட்டால், அனுப்பியவரைக் கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பியவர் எழுத்தில் விட்டுக்கொடுத்தால்தான் அது நமக்கு வரும். ஆகவே விற்றவரோடு சண்டை போடாதீர்கள். விற்பனைத் தளத்தில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர் கிளெய்முக்குப் படம் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது மிகவும் தவறு. நஷ்டம் முழுக்க அந்த மனிதர் தலையில் விழுகிறது.

என் வியாபாரியே கிளெய்ம் போட்டார். நான் சி.என். 24 நகல், படங்கள், பணம் கட்டிய ரசீது எல்லாம் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தது: ஒட்டிச் சரிசெய்ய முடியாதா, மீதி மதிப்பு எவ்வளவு? இதற்கு நானே எழுதினால் எடுபடாது. சென்னையில் பழைய தட்டு விற்கும் ஒருவரிடம் போய், இரண்டாக உடைந்த அரக்குத் தட்டை மீண்டும் ஓடவிட்டுக் கேட்க முடியாது, விற்பனை மதிப்பும் இல்லை என்று அவருடைய கடைத் தாளில் எழுதி வாங்கினேன். நாலாவது மாதம் 160 யூரோ முழுதாக ஐரோப்பிய வியாபாரிக்கு வந்தது, அன்றைக்கே எனக்கு அனுப்பினார். பொருள் முழுக்கச் சேதமானதால் அஞ்சல் கட்டணமும் திரும்பக் கிடைத்தது. இன்சூரன்ஸுக்குக் கட்டியது மட்டும் திரும்பாது, விதி அப்படி.

நாள் கணக்கில் கவனம் வேண்டும். உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி விசாரணை கேட்க, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் அனுப்பியவருக்கு அவருடைய நாட்டு அஞ்சல் துறை வைக்கும் கெடு இதைவிடக் குறைவாக இருக்கலாம். பிரிட்டனின் ராயல் மெயில் சேதத்துக்கு 80 நாள்தான் தருகிறது. தொகையும் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானின் இ.எம்.எஸ். என்ற வெளிநாட்டு விரைவு அஞ்சலில் கூடுதல் கட்டணம் இல்லாமலே 20,000 யென் வரை பாதுகாப்பு உண்டு, கட்டணம் கட்டினால் 20 லட்சம் யென் வரை ஏற்றலாம். அதே நாட்டின் சாதாரண சிறு பாக்கெட்டில் பதிவு செய்யாமல் அனுப்பினால் ஒன்றும் கிடையாது.

கோவையில் ஒரு நண்பருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். பீங்கான் பொம்மைகள் சேர்ப்பவர். ஜோடியாக வாங்கியதில் ஒன்றின் கை உடைந்து வந்தது. தாளில் ‘இரண்டு பொம்மை’ என்று எழுதியிருந்ததால் ஒன்றின் விலையை மட்டும் கணக்குப் போட்டார்கள். ஜோடி உடைந்தால் மற்றதற்கும் மதிப்பு போய்விடும் என்பது நமக்குத் தெரியும், படிவத்துக்குத் தெரியாது. “ஒரு ஜோடி, பிரிக்க முடியாதது என்று எழுதச் சொல்லியிருக்கணும் அண்ணா” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முழுத் தொகை வாங்கினால் உடைந்த பொருள் தங்களுக்குச் சொந்தம் என்று அஞ்சல் துறை சொல்ல வாய்ப்பு உண்டு. என்னிடம் துண்டுகளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், மனசு கேட்டிருக்காது. லேபிள் உடையாத அந்தப் பெரிய பாதியைத் தாத்தா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

பினாங்குக்காரரிடம் இன்னொரு கட்டுத் தட்டு இருக்கிறது. இந்த முறை முழு விலையும் எழுதி அஞ்சலில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கு இன்சூர்டு பார்சலாக வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு தொகை வரை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள்.