கரும்பு ஆராய்ந்த சர்ஜன்

வாட்ஸ்அப் குழு: சயான் வீடு, மும்பை

கணேசன் மாமா, இரவு 8.41
சங்கர், உங்கள் டாக்டரை நெட்டில் தேடிப் பார்த்தேன். மொத்தமே 11 ஆராய்ச்சிக் கட்டுரை. நான் சொன்ன டாக்டருக்கு 412! எச்-இண்டெக்ஸ் 46. அத்தானை இவரிடம் விட எனக்கு மனசில்லை.

சங்கர், 8.44
எனக்கும் ஒரு உறுத்தல் இருக்கிறது மாமா. ஸ்கேனில் அப்பா கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நாக்கில் உள்ள புற்றுக் கட்டியோடு கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடலாம் என்கிறார்.

கணேசன் மாமா, 8.45
ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்குக் கத்தி? பில் ஏற்றத்தான்.

செல்வி, 9.02
இப்போதுதான் அடுப்பை அணைத்தேன். மாமா, அந்த 412-இன் லிங்க் அனுப்புங்கள்.

செல்வி, 9.16
பார்த்தேன். கரும்பில் வரும் செவ்வழுகல் நோய் பற்றி ஒன்று, கான்கிரீட் விரிசல் பற்றி இரண்டு. உங்கள் டாக்டர் ஆபரேஷன் இல்லாத நாளில் வயலுக்குப் போகிறாரா? 😄

கணேசன் மாமா, 9.17
என்னம்மா சொல்கிறாய்?

செல்வி, 9.20
உங்கள் டாக்டர் பெயரை எஸ். குமார் என்று மட்டும் தேடினால் நாட்டில் உள்ள எல்லா எஸ். குமாரும் வந்து நிற்பார்கள். இனிஷியல் கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா? ஆதாரில் கே. கணேசன், பான் கார்டில் கணேசன் கே. என்று எத்தனை நாள் அலைந்தீர்கள்! இதற்காகத்தான் 2012-இலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஆர்கிட் என்று 16 இலக்க எண் இருக்கிறது.

சங்கர், 9.21
அந்த 46?

செல்வி, 9.27
அதுதான் எச்-இண்டெக்ஸ், 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் சொன்ன கணக்கு. ஒருவருடைய 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மற்ற கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 10. உலகமே எடுத்துப் பேசும் ஒரே ஒரு கட்டுரை எழுதியவருக்கு எண் 1தான்.
மேற்கோள் என்பது மொய் மாதிரி மாமா. நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன். தன் வீட்டு விசேஷத்துக்குத் தானே மொய் எழுதுகிறவர்களும் உண்டு. எங்கள் காலேஜ் லைப்ரரிக்கு புரமோஷன் ஃபைல் வரும்போதெல்லாம் பார்க்கிறேன்.

கணேசன் மாமா, 9.29
லான்செட் மாதிரி பெரிய மருத்துவப் பத்திரிகையில் வந்தால்கூடவா?

செல்வி, 9.33
மக்கியாரினி என்ற சர்ஜன் செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தியதாக 2011-இல் அதே லான்செட்டில்தான் எழுதினார். 2018-இல் பத்திரிகை அதைத் திரும்பப் பெற்றது. 2023-இல் சுவீடனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. அதை விடுங்கள், கழுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

செல்வி, 9.41
பெரியப்பாவுக்குச் சொன்ன யோசனை அந்த 11 கட்டுரைக்காரர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. நம் பரேலில், டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டி'குரூஸ் என்ற சர்ஜனும் மற்றவர்களும் பார்த்தது. ஆரம்ப நிலை வாய்ப்புற்று, கழுத்தில் எதுவும் பரவியதாகத் தெரியாதவர்கள். ஒரு பாதிப் பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே கழுத்து முடிச்சுகளை எடுத்தார்கள். மறு பாதிப் பேரைக் கவனித்துக்கொண்டே வந்து, கழுத்தில் வந்தால் மட்டும் எடுத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல் மாதிரி. 2004 முதல் 2014 வரை 596 பேர். முதல் 500 பேரைக் கணக்குப் பார்த்தபோது, மூன்று ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2015-இல் வந்தது.

பெரியம்மா, 9.44
நம்மைப் போல ஜனங்களை வைத்தா பார்த்தார்கள்?

செல்வி, 9.45
ஆமாம் பெரியம்மா. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் பரேல், சயானிலிருந்து ஸ்லோ லோக்கல் ரயிலில் நாலாவது ஸ்டேஷன் கூட இல்லை, மூன்றாவது.

கணேசன் மாமா, 9.47
சரி. அப்போ பில் ஏற்றவில்லை என்கிறாய்.

செல்வி, 9.52
யோசனை சரியானது என்கிறேன். அவர் கை எப்படி என்று 11-உம் சொல்லாது, 412-உம் சொல்லாது. அதை நேரில் கேட்க வேண்டும். மாதத்துக்கு இப்படி எத்தனை ஆபரேஷன் செய்கிறார், கழுத்தைத் திறப்பது அவரா, ஜூனியரா? அப்புறம் கட்டியின் ஆழம் எவ்வளவு? மிக மெல்லிய கட்டி என்றால் இந்த ஆய்வின் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை.

சங்கர், 9.54
ரிப்போர்ட்டில் ஆழம் 6 மில்லிமீட்டர்.

செல்வி, 9.55
அப்படியானால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெரியப்பா, 10.08
எல்லாம் படித்தேன். தோள் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது என்று வார்டில் ஒருவர் சொன்னார். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா என்று கேளுங்கள். கடை ஷட்டரை நான்தான் தூக்க வேண்டும்.

செல்வி, 10.10
நல்ல கேள்வி பெரியப்பா. நரம்பை விட்டுவைத்தாலும் சில மாதம் தோள் வலிக்கலாம். பிசியோதெரபி எப்போது தொடங்குவார்கள் என்றும் கேட்க வேண்டும்.

சங்கர், 10.11
எழுதிக்கொண்டேன். நாளை 11 மணிக்கு டோக்கன்.

கணேசன் மாமா, 10.15
நானும் வருகிறேன். அந்த ஷட்டருக்கு முதலில் எண்ணெய் போடு சங்கர், போன மழையிலேயே துரு ஏறிவிட்டது.