இரண்டு அந்தமும் 180 பாகை, ஆனாலும் கடைசித் துண்டு பொருந்துதில்லை

கொக்குவில்_லைன்:
மொடல் ரயிலுக்கு 8×4 அடி பிளைவூட்டில 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில ஓவல் போடுறன். ஒரு அந்தத்தில 18 அங்குல ஆரை, 30 பாகை வளைவுத் துண்டு 6. மற்ற அந்தத்தில 438 மி.மீ. ஆரை, 22.5 பாகைத் துண்டு 8. இரண்டும் 180 பாகைதான். ஆனா கடைசி நேர்த்துண்டு கிட்டத்தட்ட நாலு சென்ரிமீற்றர் விலகி நிக்குது. இழுத்துக் கொழுவினா நீளப் பெட்டி அந்த மூட்டில தடம் புரளுது. எந்தத் துண்டைக் கூட்டுறது, எதைக் குறைக்கிறது?

சலாகை:
துண்டைக் கூட்டிக் குறைச்சு இது சரிவராது. பாகை பொருந்துது, ஆரை பொருந்தேல்லை. 18 அங்குலம் 457 மி.மீ., விட்டம் 914. மற்றதின்ர விட்டம் 876. வித்தியாசம் 38 மி.மீ., நீங்கள் காணுற இடைவெளி அதுதான். ஓவலின்ர இரண்டு நேர்ப்பாதையும் சமாந்தரமா ஓடவேணுமெண்டா இரண்டு அந்தமும் ஒரே விட்டமா இருக்கவேணும். இழுத்துக் கொழுவினா மூட்டில முறிவு விழும், சில்லின்ர விளிம்பு அதில ஏறும்.

438 துண்டுகளைக் கழட்டிப்போட்டு அந்த அந்தத்துக்கு பிளெக்சி (விரும்பினபடி வளைக்கக்கூடிய நீளத் தண்டவாளம்) போடுங்கோ. அரைவட்டத்துக்கு 3.14×457, அதாவது 1436 மி.மீ. வேணும். 914 மி.மீ. நீளத்தில இரண்டு காணும். நேரா இருக்கேக்கயே இரண்டையும் ஜொயினர் (தண்டவாளங்களைத் தொடுக்கிற சின்ன உலோகத் துண்டு) போட்டு சோல்டர் பண்ணுங்கோ, பிறகு வளையுங்கோ. வளைச்சபிறகு மூட்டினா தண்டவாளம் நிமிரப் பாக்கும், மூட்டு கூர்ப்படும். மூட்டு வளைவின்ர நடுவில வரட்டும். அங்கயிருந்து இரண்டு பக்கமும் வளைச்சுக்கொண்டு போனா உள்தண்டவாளம் ஒவ்வொரு அந்தத்திலயும் 26 மி.மீ. வெளியில நீட்டும். அதை வெட்டி அரத்தால மட்டம் பண்ணுங்கோ.

கொக்குவில்_லைன்:
விளங்குது அண்ணை. என்ர பெட்டி 300 மி.மீ. நீளம், போகி (பெட்டிக்குக் கீழ திரும்புற சில்லுத் தொகுதி) மையங்களுக்கு இடையில 210. 457 காணுமோ?

கோச்சிப்பாதை:
ஓடும், ஆனா வடிவில்லை. நடுப்பகுதி உள்பக்கம் விலகுறது 210×210÷(8×457), 12 மி.மீ. அந்தங்கள் வெளியில (300×300−210×210)÷(8×457), 12.5 மி.மீ. பெட்டியின்ர பாதி அகலம் 18 எண்டா, மையக்கோட்டிலயிருந்து இரண்டு பக்கமும் 35 மி.மீ.க்குள்ள மேடை, கம்பம் ஒண்டும் வைக்காதேங்கோ.

என்ர கருத்து, பிளெக்சிக்குப் போறதெண்டா இரண்டு அந்தத்தையும் 550 ஆக்குங்கோ. பலகை 1220 அகலம், இடம் தாராளம். ஒரு சலாகையில ஆணி அடிச்சு 550இல பென்சில் துளை போட்டா வட்டம் கீறலாம். நேர்க்கோட்டை மட்டும் வட்டத்தைத் தொடவிடாமல் 7 மி.மீ. வெளியில கீறுங்கோ. அந்த 7 மி.மீ.தான் நிலைமாற்று வளைவுக்கான, அதாவது நேர்ப்பாதை கொஞ்சம் கொஞ்சமா வட்டத்துக்குள்ள போற பகுதிக்கான இடம். அது இல்லாட்டி பெட்டி நேர்ப்பாதையில இருந்து ஒரேயடியா வளைவுக்குள்ள வெட்டித் திரும்பும். 300 மி.மீ. நீள நிலைமாற்றுக்கு, நேர்க்கோட்டிலயிருந்து விலகல், வளைவு தொடங்குற இடத்திலயிருந்து 100 மி.மீ.இல 1, 200இல 8, 300இல 27 மி.மீ. புள்ளிகளைக் குறிச்சு, வளையக்கூடிய மெல்லிய சலாகையை ஆணிகளோட அணைச்சு கோட்டை இழுங்கோ. இப்ப ஒரு அந்தத்துக்கு ஏறத்தாழ 2030 மி.மீ. வரும், மூண்டு நீளம் வாங்கவேணும்.

சலாகை:
ஒண்டு விட்டுப்போச்சு. வளைவுக்குள்ள இருக்கிற மூட்டுகளை மட்டும் சோல்டர் பண்ணுங்கோ. நேர்ப்பாதை மூட்டுகளில அரை மி.மீ. இடைவெளி விடுங்கோ. தண்டவாளம் செய்யிற நிக்கல் சில்வர் உலோகம் வெப்பம் 20 பாகை செல்சியஸ் கூடினா ஒரு மீற்றருக்கு 0.3 மி.மீ. அளவுதான் நீளும், ஈரத்துக்குப் பலகை அசையிறது அதையும் விட மோசம். மார்கழிக் குளிரில இடைவெளி இல்லாமப் போட்ட பாதை சித்திரை வெயிலுக்கு மேல எழும்பும். பிளைவூட்டின்ர இரண்டு பக்கத்துக்கும், வெட்டு ஓரங்களுக்கும் வார்னிஷ் அடிச்சிட்டுப் போடுங்கோ. மேல்பக்கம் மட்டும் அடிச்சா பலகை கோணும்.