வீடியோ கால்ல நாலு பேர், டைப் பண்றது ஒருத்தர் மட்டும். எப்படி மாத்துறது?

கானாடுகாத்தான் தம்பி:
எங்க சாஃப்ட்வேர் டீம்ல நாலு பேர். ரெண்டு பேர் காரைக்குடி ஆபீஸ், ஒருத்தர் சென்னை, நான் வீட்ல இருந்து. ப்ரோக்ராம்ல சிக்கலான பக் (தப்பு) வந்தா எல்லாரும் கால்ல உக்காருவோம். சீனியர் ஸ்கிரீன் ஷேர் போட்டு விறுவிறுன்னு அடிச்சுக்கிட்டே போவார், நாங்க மியூட்ல. கடைசில "புரிஞ்சுதா?"ம்பார், "ம்"போம். புதுசா சேர்ந்த பொண்ணு வாயே திறக்கிறதில்ல. இன்னொண்ணு, ஐயா காலத்து வீடு. ரூட்டர் முகப்புல, நான் ரெண்டாங்கட்டுல. வீடியோ நின்னு நின்னு வருது.

தேவகோட்டை அக்கா:
தம்பி, சீனியர் சொல்லட்டும், அந்தப் பொண்ணு அடிக்கட்டும். ப்ரோக்ராமிங் பயிற்சி தர்ற லூவெலின் ஃபால்கோ சொல்ற முறை இதுதான்: உங்க யோசனை கம்ப்யூட்டருக்குள்ள போகணும்னா இன்னொருத்தர் கை வழியாத்தான் போகணும்.

சொல்றதுலயும் ஒரு வரிசை இருக்கு. மொதல்ல நோக்கம்: "இன்வாய்ஸ் தேதிக்கு ஒரு டெஸ்ட் எழுதும்மா." (டெஸ்ட்னா, ப்ரோக்ராம் சரியா ஓடுதான்னு பார்க்கிற சின்ன ப்ரோக்ராம்.) அவ தடுமாறினா இடத்தைக் காட்டுங்க, எந்த ஃபைல், எந்த ஃபங்ஷன்னு. அதுக்கப்புறமும் நின்னாத்தான் அடிக்க வேண்டிய வரியைச் சொல்லணும். எடுத்த எடுப்புல "செமிகோலன் போடு"ன்னு ஆரம்பிச்சா அவளுக்கு யோசிக்க என்ன மிச்சம்?

எங்க டீம்ல நடந்தது. சில இன்வாய்ஸ்ல மட்டும் முந்தின நாள் தேதி. பெரியவங்க எல்லாம் டாக்ஸ் கணக்குப் போடுற ப்ரோக்ராமையே குடைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கீபோர்டு அப்ப புதுப் பையன் கையில. டெஸ்ட்டுக்கு ஒரு நேரம் போடணும், "எந்த டைம்சோன்ல போடட்டும்?"னான். பிடிபட்டுப் போச்சு! சர்வர் யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல ஓடுது. நம்ம நள்ளிரவுல இருந்து காலை 5.30 வரைக்கும் அங்க முந்தின நாள்தானே. வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்திருந்தா அந்தக் கேள்வி அவனுக்கு வந்திருக்காது.

பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கை மாத்துங்க. ஹன்டர் இண்டஸ்ட்ரீஸ்ங்கிற அமெரிக்க கம்பெனில வுடி ஸூயில்ங்கிறவரோட டீம் 2011 வாக்குல மொத்தப் பேரும் ஒரே கம்ப்யூட்டர்ல இப்படித்தான் வேலை பார்த்தாங்க. நமக்கு மாப்.எஸ்எச் (mob.sh)னு இலவச டூல் இருக்கு. "மாப் ஸ்டார்ட் 10" போட்டா டைமர் ஓடும். "மாப் நெக்ஸ்ட்" போட்டா செஞ்ச வரைக்கும் தற்காலிக கிட் பிராஞ்ச்ல (எல்லாரும் எடுத்துக்கிற பொதுப் பிரதி) ஏறிடும், அடுத்தவர் தன் மெஷின்ல இழுத்துக்கலாம்.

பள்ளத்தூர் நெட்வொர்க்:
அந்தச் சுவர் கனத்துக்கு வைஃபை தாண்டாது சார். முகப்புல இருந்து வளவு ஓரமா லேன் கேபிள் இழுத்து உங்க மேசைல சொருகுங்க. ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒண்ணு. கேமராவை அணைச்சிட்டு ஆடியோவும் ஸ்கிரீனும் மட்டும் வைங்க. ஷேர் பண்றவர் எழுத்தைப் பெருசாக்கணும்.

கானாடுகாத்தான் தம்பி:
நன்றிக்கா, நன்றி சார். சீனியருக்குப் பொறுமை இருக்குமான்னுதான் யோசனை. பாதில "கொடு, நானே அடிக்கிறேன்"ம்பார்.

தேவகோட்டை அக்கா:
அவசர பக்ல ஆரம்பிக்காதீங்க தம்பி. சின்ன வேலை ஒண்ணு எடுத்து, ஒரு மணி நேரம் மட்டும்னு கேளுங்க. முடிஞ்சதும் அந்தப் பொண்ணை மொதல்ல பேசச் சொல்லுங்க, சீனியர் கடைசில பேசட்டும்.