டிப்பர் பாடி பாதியில் நின்றால்: பம்ப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம்.

பழைய டிப்பரில் பாடி தூக்கவில்லை என்றாலே "பம்ப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாடியைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கிக்கு ஆயிலைத் தள்ளும் பம்ப் போயிருக்கலாம்தான், ஆனால் சந்தேகத்தில் அது கடைசியாக வர வேண்டியது. ஆயில், வால்வை இயக்கும் கேபிள், பம்ப் ஆயிலை இழுக்கும் சக்ஷன் ஹோஸ், வால்வு என்ற வரிசையில் பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் பம்ப் வரைக்கும் போகவே வேண்டியிராது.

முதலில் பாதுகாப்பு. லோடை இறக்கிவிடுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். பாடி மேலே இருக்கும்போது கீழே கையை விடுவதாக இருந்தால் இரும்புத் தாங்கி போட்டே ஆக வேண்டும். ஜாக்கி பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது கணக்கில் சேராது. ஒரு ஹோஸ் வெடித்தால் விலகக்கூட நேரம் கிடைக்காது. கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலுக்குள் பாய்ந்துவிடும். காயம் கடுகளவு தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆயில் அளவைப் பாடி முழுக்க இறங்கிய நிலையில்தான் பார்க்க வேண்டும். தூக்கிய நிலையில் டேங்க்கை நிரப்பினால், இறக்கும்போது ஜாக்கியிலிருந்து திரும்பும் ஆயில் வெளியே வழியும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நுரை கட்டினால் எங்கோ காற்றை இழுக்கிறது. அளவு குறைந்துகொண்டே வந்து, வெளியே சொட்டுகூடக் கசியவில்லையா? கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியை எடுத்துத் தரும் பி.டி.ஓ.வில் பம்ப்பை நேரடியாகப் பொருத்தியிருக்கும் வண்டிகளில் ஷாஃப்ட் சீல் போனால் ஹைட்ராலிக் ஆயில் அங்கே போய்ச் சேரும்.

அடுத்தது கேபிள். பழைய வண்டிக்கு இதுதான் முதல் வியாதி. கேபிள் நீண்டுவிட்டால் கேபினில் லீவர் கடைசி வரை போனாலும் வால்வில் ஆயிலின் வழியை மாற்றும் ஸ்பூல் தண்டு முழுதாக நகராது. ஆயிலில் ஒரு பங்கு டேங்க்குக்கே திரும்பிவிடும். பாடி மெதுவாக ஏறும், அல்லது காலியாக ஏறி லோடோடு நின்றுவிடும். கேபிளைக் கழற்றிவிட்டு ஸ்பூலைக் கையால் நேராக நகர்த்திப் பாருங்கள். ஒழுங்காக ஏறினால் வேலை முடிந்தது, கேபிளைச் சரிசெய்தால் போதும்.

பம்ப் கிறீச்சிட்டு அலறினால் அதற்கு ஆயில் போய்ச் சேரவில்லை. டேங்க்குக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைத்திருக்கலாம். அதைவிட ஏமாற்றுவது சக்ஷன் ஹோஸ்: வெளியே நன்றாகத் தெரியும், உள் ரப்பர் உரிந்து, பம்ப் இழுக்கும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஆயில் சூடானதும் கோளாறு கூடினால் இந்த ஹோஸையும் சந்தேகப்படுங்கள். ஜாயின்டுகளில் கிரீஸைப் பூசிப் பாருங்கள்; எந்த இடத்தில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று நுழைகிறது.

இவ்வளவுக்கும் பிறகு பிரஷர் கேஜ். பம்ப்புக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு 250 பார் கேஜை மாட்டுங்கள். பிரஷர் அளவு மீறினால் ஆயிலை டேங்க்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு எவ்வளவில் திறக்க வேண்டும் என்பது வண்டித் தகட்டிலோ பம்ப் தகட்டிலோ இருக்கும். பழையவற்றில் பெரும்பாலும் 140 முதல் 175 பார். லோடைத் தூக்க முடியாமல் நிற்கும்போது கேஜ் அந்த அளவைக் காட்டினால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. லோடு அதிகம், முன்பக்கம் குவிந்திருக்கிறது, அல்லது கீல் பின் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. கேஜ் 80, 90க்கு மேல் ஏறவில்லை என்றால் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். சீட்டில் ஒரு துளி மண் உட்கார்ந்திருந்தாலே போதும். அதைக் கழுவிப் போட்டும் ஏறாவிட்டால்தான் பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். கேஜ் இல்லாமல் ரிலீஃப் ஸ்குரூவை முறுக்குவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். பலம் கூடியதுபோலத் தெரியும், பிறகு ஹோஸ் கிழியும் அல்லது ஜாக்கி வளையும்.

பாதியில் ஏன் நிற்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் அடங்கிய அடுக்கு ஜாக்கியில் பெரிய குழாய் முதலில் வரும், சின்னது கடைசியில். 140 பாரில் 150 மி.மீ. குழாய் ஏறத்தாழ 25 டன் தள்ளும், 120 மி.மீ. 16 டன், 90 மி.மீ. 9 டன்தான். பாடி சாயச் சாய, தேவையான பலமும் குறைந்துகொண்டே வருவதால் வழக்கமாக இது உறைக்காது. ஆனால் பிரஷர் குறைந்த வண்டியிலோ, ஈரமண் தொட்டியில் ஒட்டிக்கொண்டு சரியாமல் இருக்கும்போதோ, சரியாகக் குழாய் மாறும் இடத்தில் நின்றுவிடும். பெரிய குழாய் அசையாமல் சின்னது முந்திக்கொண்டு வந்தால் அது வேறு நோய்: பெரிய குழாய் வளைந்திருக்கிறது, அல்லது சீலில் இறுகியிருக்கிறது.

வேகத்தையும் கணக்குப் போடலாம். சுற்றுக்கு 60 சி.சி. தரும் பம்ப், 1000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 60 லிட்டர் தர வேண்டும். ஜாக்கி 30 லிட்டர் கொள்ளும் என்றால் காலிப் பாடி அரை நிமிடத்தில் ஏற வேண்டும். ஒரு நிமிடம் ஆனால் பாதி ஆயில் எங்கோ தப்பிப் போகிறது. ஆர்.பி.எம். எஞ்சினுடையது அல்ல, பம்ப் ஷாஃப்டுடையது.

தூக்கி நிறுத்திய பாடி தானாக இறங்குகிறதா? ஒருபக்கம் மட்டும் தள்ளும் அடுக்கு ஜாக்கியில் சீல் போனால் ஆயில் வெளியே வழிந்தாக வேண்டும். குழாய் காய்ந்திருந்தால் கோளாறு வால்வில்: ஆயிலைத் திரும்ப விடாத செக் வால்வில் தூசி, தேய்ந்த ஸ்பூல், அல்லது நடுநிலைக்கு வராத அதே கேபிள். அடியில் கத்தரி போல அமைந்த பிஸ்டன் ஜாக்கியில் மட்டும் உள்சீல் போனால் வெளியே தெரியாது, தண்டுப் பக்கத்து ரிட்டர்ன் ஹோஸ் வழியே டேங்க்குக்குப் போய்விடும். காலிப் பாடியைக் கடைசி வரை தூக்கி, தாங்கி போட்டு, எஞ்சினை நிறுத்தி, அந்த ஹோஸைக் கழற்றிப் பக்கெட்டில் விடுங்கள். விலகி நின்றுகொண்டு பம்ப்பை ஓரிரு நொடி ஓட்டச் சொல்லுங்கள். ஆயில் வந்துகொண்டே இருந்தால் சீல் மாற்றத்தான் வேண்டும்.

துள்ளித் துள்ளி ஏறினால் காற்று. காலிப் பாடியைக் கொஞ்சம் மட்டும் தூக்கி, ஜாக்கியின் மேலே இருக்கும், காற்றை வெளியேற்றும் ப்ளீடர் ஸ்குரூவை அரைச் சுற்று தளர்த்தி, குமிழி நின்றதும் இறுக்குங்கள்.

பம்ப்பையோ பி.டி.ஓ.வையோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டையும் இணைக்கும் பல்வெட்டான ஸ்ப்ளைனைப் பாருங்கள். பல் தேய்ந்தால் பி.டி.ஓ. சுற்றும், பம்ப் சுற்றாது. பி.டி.ஓ.வைத் திரும்ப மாட்டும்போது கியர் இடைவெளி 0.15 முதல் 0.30 மி.மீ. வரும்படி கேஸ்கெட் வையுங்கள். குறைந்தால் ஊளையிடும், கூடினால் கடகடக்கும். பழைய ஆயிலை முழுக்க வடிக்காமல், டேங்க்கைத் துடைக்காமல் புதுப் பம்ப்பை மாட்டினால் பழையதன் இரும்புத் தூள் புதியதையும் அரித்துவிடும்.

தங்கள் டிப்பரின் கோளாறைப் பற்றி எழுதுபவர்கள் மூன்றைக் குறிப்பிடுங்கள்: லோடில் நிற்கும்போது கேஜ் காட்டும் பார், காலிப் பாடி ஏற ஆகும் நொடி, எந்தக் குழாயில் நிற்கிறது என்பது.