புதுப்பிப்பு: ஸ்டாண்டர்ட் ஹெரால்டா, பிரீமியர் பத்மினியா? முடிவு

அப்பாவின் பழைய ஹெரால்டு காரை வைத்துக்கொள்வதா, மாமா தரும் பழைய பத்மினி காரை எடுப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் ஏற்காட்டில் ஓட்டிப் பார்த்தாச்சு.

ஏற்றத்தில் பத்மினிதான். 1089 சிசி, ஹெரால்டின் 948-ஐ விட இழுவை அதிகம். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஹெரால்டு பொம்மை மாதிரி திரும்புகிறது. 25 அடி வட்டத்துக்குள் சுற்றிவிடும். இறங்கும்போது ஒரு வளைவின் நடுவே ஆக்சிலேட்டரை சட்டென்று விட்டேன், பின்பக்கம் வெளியே நழுவப் பார்த்தது. ஸ்விங் ஆக்சிலின் (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பின் அச்சு) குணம் என்று ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். பத்மினி லீஃப் ஸ்பிரிங்கில் (பட்டை வில்) குதிக்கும், பயமுறுத்தாது.

ஹெரால்டில் முன்பு இருந்த ஸ்டீயரிங் இறுக்கத்துக்குத் தீர்வு: "ட்ரன்னியனுக்கு (முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) கிரீஸ் வேண்டாம், 90 கியர் ஆயில் விடுங்க" என்ற யோசனைதான் பலித்தது. மெக்கானிக் வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்து அடைத்திருந்தார். கழற்றினால் உள்ளே கறுப்பு மெழுகு! சுத்தம் செய்து ஆயில் விட்டதும் ஒரு விரலால் திருப்ப முடிகிறது. நல்லவேளை, ட்ரன்னியனின் மரை தேயவில்லை. தேய்ந்து உடைந்தால் சக்கரமே மடங்கிவிடும்.

எதிர்பாராதது, பானெட்டை முழுசாக முன்னால் கவிழ்த்ததும் தெரிந்த சேசிஸ் (அடிச்சட்டம்) துரு. வெல்டிங் பாக்கி.

பத்மினி பாகம் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். ஹெரால்டுக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைக்கணும். இருந்தும் ஹெரால்டையே வைத்துக்கொண்டேன். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.