வாக்குத்தத்த அட்டை இரண்டு விதமாக வந்தால் தேவசித்தம் எது?

காட்பாடி மருமகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேலூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், வீடு காட்பாடியில். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு ஒரு ஏஜென்சி மூலமாக இன்டர்வியூ முடிந்து ஆஃபர் வந்திருக்கிறது. ஜெர்மன் மொழித்தேர்வில் பி1 என்கிற நடு நிலை பாஸ். கையெழுத்து மட்டும் பாக்கி.

எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. புது வருஷ ஆராதனையில், இந்த வருஷத்துக்கு என்று ஆளுக்கொரு பைபிள் வசனம் டப்பாவிலிருந்து எடுப்போமே, அந்த வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எனக்கு வந்தது ஆதியாகமம் 12:2, ஆபிராமை ஆசீர்வதிப்பேன் என்கிற வசனம். அம்மா உடனே பைபிளைத் திறந்து அதற்கு முந்தின வசனத்தை வாசித்தார்கள். உன் தேசத்தை விட்டுப் புறப்பட்டுப் போ என்று இருக்கிறதே அது. "பார்த்தியா, ஜெர்மனிதான்" என்றார்கள். என் கணவர் எடுத்தது 26:3, ஈசாக்குக்குச் சொன்னது: இந்தத் தேசத்தில் வாசம்பண்ணு. மாமியார் அந்த அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது. அதற்காகத்தான் ஒட்டினார்களோ என்னவோ.

பையன் எல்.கே.ஜி. போகிறான். மாமியாருக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. வீட்டுக்கடனும் இருக்கிறது.

ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது. கேட்கிறேன், காலை டியூட்டிக்குக் கிளம்பும் முன் தினமும் கேட்கிறேன். ஒன்றும் தெளியவில்லை. நானே உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்தால் அது, நீதிமொழிகள் 3:5 வேண்டாம் என்கிறதே, அந்தச் சுயபுத்தியின்மேல் சாய்வதாகிவிடுமா? ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "கணக்குப் போடாதே, விசுவாசத்தில் போ" என்கிறார். என் தம்பியோ, "ஜெபத்தை விட்டுட்டு எக்ஸெல் ஷீட் போடு" என்கிறான். இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வருகிறது.

விசுவாசி ஆம்பூர்:

சிஸ்டர், கர்த்தர் திறந்த வாசலை ஒருவனும் பூட்ட மாட்டான், வெளிப்படுத்தல் 3:8. கையெழுத்துப் போடுங்க. நீங்க சொன்ன யாக்கோபு வசனத்துக்கு அடுத்ததையும் பாருங்க, சந்தேகப்படுகிறவன் கடல் அலை மாதிரி.

பாலாற்றங்கரை:

தம்பி, திறந்திருக்கிற வாசலெல்லாம் கர்த்தர் திறந்ததுதான் என்று எப்படிச் சொல்வது? கர்த்தர் போகச் சொன்ன நினிவேக்குப் போகாமல் யோனா ஓடிப்போக நினைத்தபோது யோப்பா துறைமுகத்தில் கப்பல் தயாராகத்தான் நின்றது. காசு கொடுத்து ஏறினான். யாக்கோபு சொல்லும் சந்தேகமும் வேறு. கேட்டால் கொடுப்பாரா மாட்டாரா என்று தேவனையே சந்தேகப்படுவதைத்தான் அவர் சொல்கிறார். ஏஜென்சி ஒப்பந்தத்தைச் சந்தேகப்பட்டால் யாக்கோபு கோபித்துக்கொள்ள மாட்டார்.

மகளே, நான் ராணிப்பேட்டை பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மாமியார் மருமகள் நடுவில் நுழைய எனக்கு ஆசையில்லை. அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வசனம் சத்தியம்தான், ஆனால் டப்பாவில் கைவிட்டு எடுத்த அட்டையை வைத்து விசாவை முடிவு செய்ய வேண்டாம். அந்த இரண்டு அதிகாரங்களையும் முழுசாக வாசியுங்கள். 12-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொன்னபடி புறப்பட்டு வந்த ஆபிராமுக்கு, பத்தாம் வசனத்திலேயே பஞ்சம். எகிப்துக்குப் போகிறான், உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்கிறான். 26-இல் கர்த்தர் சொன்னபடி அங்கேயே தங்கிய ஈசாக்கைப் பாருங்கள். அங்கேயும் பஞ்சம், அவனும் பயந்து அதே பொய்யைச் சொல்கிறான். போனவனுக்கும் சுகமில்லை, இருந்தவனுக்கும் சுகமில்லை. கர்த்தர் இரண்டு பேரையும் கைவிடவில்லை. உங்கள் அம்மாவும் மாமியாரும் அட்டையில் தேடுவது, போனால் அல்லது இருந்தால் கஷ்டம் வராது என்கிற உத்தரவாதத்தை. அது இரண்டு அதிகாரத்திலும் இல்லை.

யோசிப்பது சுயபுத்தியில் சாய்வதாகுமா என்று கேட்டீர்கள். பெர்சிய ராஜாவிடம் வேலை செய்த நெகேமியா, எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிற நிலையைக் கேட்டு அழுது உபவாசித்தது கிஸ்லேயு மாதம். ராஜாவிடம் வாய் திறந்தது நிசானில். நடுவில் ஏறக்குறைய நாலு மாதம். ராஜா கேட்டதும் ஒரு நொடி ஜெபித்துவிட்டுப் பேசுகிறான்: இத்தனை காலம் ஆகும், வழிக்குக் கடிதம் வேண்டும், மரத்துக்கும் கடிதம் வேண்டும். கணக்குப் போடாதவன் வாயில் இது வருமா? எருசலேம் போனதும் ராத்திரியில் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்றவர்களிடம் சொல்கிறான்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் கதையும் அப்படித்தான். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட வந்ததையும், டாக்டரான அவருடைய அப்பா ஆண் என்பதால் வந்தவர்கள் அவரை வேண்டாம் என்றதையும், மூன்று பெண்களும் இறந்துபோனதையும் சண்டே ஸ்கூலில் சொல்கிறோம். அதற்குப் பின் நடந்ததை ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். அமெரிக்கா போய் 1899-இல் மருத்துவப் பட்டம் வாங்கி, ஆஸ்பத்திரி கட்டப் பணமும் கேட்டு வாங்கிக்கொண்டு 1900-இல் வேலூர் வந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான். அவர் உட்கார்ந்து அனாடமி படித்ததையும் பணம் திரட்டியதையும் விசுவாசக் குறைவு என்று இந்த ஊரில் யாராவது சொல்வார்களா?

கடைசியாக ஒன்று. மாமியாரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். வசனத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

குடியாத்தம் பொண்ணு:

அக்கா, நான் ஜெர்மனியில்தான் நர்ஸ். பி1-ஓடு வந்தால் அடுத்த நிலையான பி2 முடித்து நம்ம நர்ஸ் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்கிற வரைக்கும் பெரும்பாலும் உதவியாளர் வேலைதான், சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான். ஏஜென்சி சொல்கிற தொகை பிடித்தத்துக்கு முந்தையது. வரி, காப்பீடு, வாடகை போக மிஞ்சுவதைக் கணக்குப் பாருங்க. பாதியில் விட்டால் மொழி வகுப்புச் செலவைத் திருப்பிக் கட்டணும் என்று ஒப்பந்தத்தில் இருக்கான்னு தேடுங்க.

அப்புறம், ஊர்ல பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம்னு என்னைச் சுற்றி எப்பவும் யாராவது ஜெபிச்சாங்க. இங்க பாதி ஞாயிறு டியூட்டி. முதல் குளிர்காலத்துல டிராம்ல உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் தெரியல ஆண்டவரே"ன்னு மட்டும்தான் சொல்வேன். ஜெபம்னு அப்போ எனக்கு இருந்தது அவ்வளவுதான். பயமுறுத்தச் சொல்லல.

காட்பாடி மருமகள்:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் அத்தையிடம் பேசினேன். பையனைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்குப் பாரமில்லையாம். நான் போய் என் கணவரையும் கூப்பிட்டுக்கொண்டால், ஆஸ்பத்திரிக்குத் தன்னை யார் கூட்டிப்போவார்கள் என்பதுதான் பயம். இத்தனை மாதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டை இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

கையெழுத்துக்கு அவகாசம் கேட்டு ஏஜென்சிக்கு மெயில் போட்டுவிட்டேன். ஆயரிடமும் நேரம் கேட்டிருக்கிறோம், நாங்கள் இரண்டு பேரும் அத்தையும் சேர்ந்து போகிறோம். தங்கச்சி, ஒப்பந்தத்தில் நீ சொன்ன அந்த விதி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் விட்டால் முழுச் செலவும் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது. இதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? கேட்டவர்கள் யாரையாவது உனக்குத் தெரியுமா?